கடுகு சிறுத்தால் காரமும் குறையவேண்டுமா?

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது எம் முன்னோர் சொல்வழக்கு. கைத்தொலைபேசி செய்வோர் இவ்வழக்கை அறியார் போலும். கையில் அடங்கும் அளவினதாக ஒரு கருவி வேண்டும். ஆனால் இன்றைய வாழ்வுக்குத் தேவையான வசதி எதுவும் அதில் குறையக்கூடாது என்று கேட்டுப் பாருங்கள். சிறியது வேண்டுமானால் வசதி குறைந்தது கிடைக்கும்; வசதி வேண்டுமானால் பெரியதைத் தூக்கவேண்டும் என்பதே எங்கும் பதிலாக இருக்கும். கடந்த சில மாதங்களாக இப்பதிலைக் கேட்டுக் கேட்டுக் களைத்தவர்களுள் நாமும் அடங்குகிறோம்.

வீட்டையும் வளவையும் விட்டு வந்தவர்களுக்கு இதுவும் ஒரு குறையா என்று வாசகர் சிலர் வினவக்கூடும். வினாவில் நியாயமுண்டு. ஆயினும் கைத்தொலைபேசி இன்று எமக்கு என்ன பொருளாக இருக்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தால், இது வெறும் ஆடம்பரக் குறையன்று என்பது விளங்கும்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து வெளியேறிய இரவில், எம்மவர் பலரது கையில் ஒரு பை இருந்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, நாலைந்து புகைப்படங்கள் ஆகியவை அதனுள் இருந்தன. சோற்றுப் பானையை விட்டு வந்தவர்களும் அப்பையை விட்டு வரவில்லை. இந்நாட்டுக்கு வந்த பின்னரும் அப்பை அலுமாரியின் மேல்தட்டில் பத்திரமாக இருந்தது. ஆனால் காலம் மாறிவிட்டது. 2015 செப்டெம்பர் 1 முதல் அவுஸ்திரேலிய அரசு கடவுச்சீட்டில் விசா ஒட்டுவதை நிறுத்திவிட்டது. எமது விசா என்ன நிலையில் உள்ளது, வேலை செய்ய அனுமதி உண்டா என்பதை வேலை கொடுப்பவர் இணையத்திலேயே பார்த்துக்கொள்கிறார். வரி, மருத்துவக் காப்புறுதி, அரச கொடுப்பனவு யாவும் ‘மைகவ்’ வாசல் வழியே நடக்கின்றன. விக்ரோரியா மாநிலத்தில் 2024 மே மாதம் முதல் முழுச் சாரதி அனுமதிப்பத்திரமும் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. வங்கிக்குள் நுழைய வேண்டுமானால் அது அனுப்பும் இரகசிய எண்ணைப் பெறவேண்டும். கிளிநொச்சியில் இருக்கும் சகோதரியின் முகத்தைப் பார்ப்பதும், ரொறன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளையின் மழலையைக் கேட்பதும் அதே கருவியில்தான். பழைய பை முழுவதும் கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டது. அப்பையைக் கையில் பிடிக்க முடியாதவர் என்ன செய்வது என்பதே எமது கேள்வி.

எமது வீட்டில் இக்கேள்வி அம்மாவினால் எழுந்தது. அம்மாவுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. சிறிய கைகள், வலது பெருவிரலில் மூட்டுவாதம். பல ஆண்டுகளாக நாலங்குலத் திரை கொண்ட ஒரு கைத்தொலைபேசியை அவர் பாவித்து வந்தார். அது அவரது உள்ளங்கையில் அடங்கியது. பெருவிரல் திரையின் எல்லா மூலைகளுக்கும் எட்டியது. கோயிலுக்குப் போகும்போது சிறிய கைப்பைக்குள் காசுடன் சேர்ந்து கிடந்தது. ஆனால் மின்கலம் நலிந்துவிட்டது. இயங்குமுறையும் பழையதாகிவிட்டது. வங்கிச் செயலி இனி இக்கருவியில் இயங்காது என்று ஒருநாள் அறிவித்தல் வந்தது. புதியதொன்று வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை ஏற்பட்டது.

கிளென் வேவர்லியில் வாழ்பவர்களுக்குக் கடைகளுக்குக் குறைவில்லை. புகையிரதப் பாதை முடியும் இடத்திலிருந்து கிங்ஸ்வே வழியாகவும் ஸ்பிறிங்வேல் வீதி வழியாகவும் நடந்தால் கைத்தொலைபேசி விற்பவர், திருத்துபவர், உறை விற்பவர் எனப் பலரைக் காணலாம். அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை நாம் புறப்பட்டோம். முதற் கடையில் இருந்த இளைஞர் மரியாதையுடன் மூன்று கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்று பெரிது, மற்றது அதனிலும் பெரிது, மூன்றாவது அடுக்களைப் பலகையை நினைவூட்டியது. “இவற்றுள் இதுதான் சிறியது” என்று முதலாவதைச் சுட்டினார். அம்மா அதைக் கையில் வாங்கி, பெருவிரலை மேல்மூலைக்கு நீட்டிப் பார்த்தார். கருவி சரிந்து மேசையில் விழுந்தது. “இது கைக்குள்ளை நிக்குதில்லைப் பிள்ளை” என்றார்.

இன்னொரு கடையில் எமது தேவையைச் சொன்னதும், விற்பனையாளர் உள்ளே சென்று பொத்தான்கள் உள்ள ஒரு கைத்தொலைபேசியைக் கொண்டுவந்தார். முதியோருக்கென்றே செய்யப்பட்டது என்றார். பெரிய எண்கள், பின்புறத்தில் அவசர உதவிக்கு ஒரு சிவப்புப் பொத்தான். அதில் வங்கி இல்லை; மைகவ் இல்லை; முகம் பார்த்துக் கதைக்கும் வசதியில்லை; தமிழில் எழுத வழியுமில்லை. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, எனக்குக் கைதான் சின்னன். அலுவல் எல்லாம் பெரிசு” என்றார். நாம் மொழிபெயர்த்தோம். அவரும் மனம்விட்டுச் சிரித்தார். ஆனால் கொடுப்பதற்கு அவரிடம் பொருள் இருக்கவில்லை. அடுத்தடுத்த கிழமைகளில் நாம் ஏறிய வேறு கடைகளிலும் இதுவே நடந்தது.

இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. 2007இல் வெளிவந்த முதலாவது ஐபோனின் திரை மூன்றரை அங்குலமே. 2011இல் சாம்சுங் நிறுவனம் 5.3 அங்குலத் திரையுடன் ‘நோட்’ என்ற கருவியைக் கொண்டுவந்தபோது, இதைக் காதில் வைத்துக் கதைப்பது எவ்வாறு என்று பலர் நகைத்தனர். நகைப்பு நீடிக்கவில்லை. 2014இல் ஐபோனும் 4.7 அங்குலமாகவும் 5.5 அங்குலமாகவும் வளர்ந்தது. இன்று ஆறு அங்குலத்துக்கு மேற்பட்டதே கடையில் ‘சிறியது’ எனப்படுகிறது.

இடையிடையே சிறுமையை விரும்புவோருக்குச் சில கதவுகள் திறந்ததும் உண்மை. சோனி நிறுவனம் 2014 முதல் ‘கொம்பக்ற்’ என்ற பெயரில், பெரிய கருவியின் வேகத்தையும் படப்பிடிப்பையும் சிறிய உடலுக்குள் வைத்துக் கொடுத்தது. 2018இல் அவ்வரிசை நின்றது. அப்பிள் நிறுவனம் 2016இல் நாலங்குல ‘எஸ்ஈ’யை வெளியிட்டது, 2018இல் அதை விலக்கியது. 2020இலும் 2021இலும் 5.4 அங்குலத் திரையுடன் ‘மினி’ வந்தது. பெரிய உடன்பிறப்பில் இருந்தவற்றுள் அநேகமாக எல்லாம் அதிலும் இருந்தன. சிறியதைத் தேடியவர்கள், இனித் தமக்குக் கவலையில்லை என்று எண்ணினர். 2022இல் புதிய மினி வரவில்லை. 2023 செப்டெம்பரில் கடைசி மினியும் அப்பிளின் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆசுஸ் நிறுவனம் 5.9 அங்குலத்தில் மூன்று ஆண்டுகள் நின்று பார்த்துவிட்டு, 2024இல் 6.78 அங்குலத்துக்குத் தாவியது. 2022இல் வந்த 4.7 அங்குல ‘எஸ்ஈ’யும் 2025 பெப்ரவரியில் விடைபெற, அதன் இடத்துக்கு வந்தது 6.1 அங்குலக் கருவி. இவ்வாறு ஒவ்வொரு கதவாகச் சாத்தப்பட்டது.

நிறுவனங்கள் கூறும் காரணங்களில் உண்மையில்லை என்று சொல்ல மாட்டோம். உடல் சிறுத்தால் மின்கலமும் சிறுக்கும். மாலைக்குள் மின்னேற்றம் தீர்ந்துவிடும். இரண்டு, மூன்று படக்கண்களை வைக்க இடம் வேண்டும். சூடு பரவவும் இடம் வேண்டும். படம் பார்ப்போரும் விளையாடுவோரும் பெரிய திரையையே நாடுகின்றனர். மினி எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை என்று செய்திகள் வந்தன. ஆனால் இக்கணக்கில் ஒரு விடயம் விடுபட்டுப் போகிறது. சிறிய கருவியை விரும்புபவர் பெரும்பாலும் ஆண்டுக்கொருமுறை மாற்றுபவர் அல்லர். கையில் இருப்பது உயிர்விடும்வரை அதை வைத்திருப்பவர். அவர் கடைக்கு வரும் நாளில் பொருள் இல்லை. இல்லாத பொருளை அவர் வாங்கவில்லை. வாங்காதபடியால் அவருக்குத் தேவையில்லை என்று கணக்கில் எழுதப்படுகிறது.

இக்குறை எம்மவருக்கு மட்டும் உரியதன்று. ‘பெபிள்’ கைக்கடிகாரத்தை உருவாக்கிய எரிக் மிஜிகோவ்ஸ்கி 2022இல், ஆறு அங்குலத்துக்கு உட்பட்ட, குறையேதுமற்ற அன்ட்ரொயிட் கருவி ஒன்று வேண்டும் என்று பகிரங்கமாகக் கையொப்பம் திரட்டினார். பல்லாயிரவர் இணைந்தனர். தாமே பெரும் தொழில்நுட்பவியலாளராக இருப்பவருக்கும் கேட்ட பொருள் கிடைக்கவில்லை என்றால் எமது நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

கருவி எவரது கையை அளந்து செய்யப்படுகிறது என்பதும் சிந்திக்கத்தக்கது. துருக்கியில் பிறந்த சமூகவியலாளர் செய்னெப் துபெக்கி, 2013இல் இஸ்தான்புல் நகரின் கெசி பூங்காப் போராட்டத்தின்போது கண்ணீர்ப்புகைப் பிரயோகத்தைப் படமெடுக்க முனைந்தார். ஒற்றைக் கையால் தமது கைத்தொலைபேசியை இயக்க முடியவில்லை. ஆண்களின் கைக்கு ஏற்றவாறு அமைந்த கருவி தமது கைக்கு எட்டவில்லை என்று அவர் பின்னர் எழுதினார். எமது பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலை செய்வோரும், துப்புரவுப் பணிக்குச் செல்வோரும், உணவுத் தொழிற்சாலையில் இரவுமுறை நிற்போரும் எம் குடும்பங்களில் பலர். அவர்களது சீருடைப் பையில் கருவியின் அரைவாசியே இறங்குகிறது, குனிந்தால் விழுகிறது. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் கைத்தொலைபேசி என்று பேருந்துக்கு நிற்கும் தாய்க்குப் பெருவிரல் எட்டும் தூரமே உலகம். விழுந்து உடைந்த கண்ணாடியை மாற்றும் செலவு சிலவேளை ஒரு கிழமைச் சாப்பாட்டுச் செலவுக்குச் சமம்.

இந்நாட்டில் வேறொரு நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 2024 ஒக்ரோபர் 28இல் டெல்ஸ்ராவும் ஒப்டஸும் தமது 3ஜி வலையமைப்பை மூடத் தொடங்கின. வொடபோன் அதற்கு முன்னரே மூடிவிட்டது. வெறும் 3ஜி கருவிகள் மட்டும் செயலிழக்கவில்லை. இணையத்துக்கு 4ஜியையும், 000 என்ற அவசர அழைப்புக்கு 3ஜியையும் நம்பியிருந்த கருவிகளும் வலையமைப்பிலிருந்து விலக்கப்பட்டன. 2025 ஒக்ரோபரில் சாம்சுங்கின் பழைய மாதிரிகள் சிலவற்றிலும் குறை கண்டறியப்பட்டது. தமது சொந்த வலையமைப்பு செயலிழந்தால் வொடபோனுக்கு மாறி 000ஐ அழைக்க அவற்றால் முடியவில்லை. மாற்றியே ஆகவேண்டும் எனப்பட்டவற்றுள் எஸ்6, எஸ்7 ஆகிய மாதிரிகளும் இருந்தன. இரண்டும் 5.1 அங்குலத் திரை கொண்டவை. விதியில் தவறில்லை. நெஞ்சுவலி வந்த இரவில் 000 கிடைக்காத கருவி இருந்தும் பயனில்லை. ஆனால் அவ்விதியால் கைவிடவேண்டி வந்த சிறிய கருவிக்கு ஈடாகச் சிறியதொன்று கடையில் இருக்கவில்லை என்பதே எமது முறைப்பாடு.

பெரியது எவருக்கும் கூடாது என்று நாம் வாதாடவில்லை. கண்பார்வை மங்கியவருக்குப் பெரிய திரை வரப்பிரசாதம். எமது அயலில் வாழும் ஐயா ஒருவர், கண்ணில் புரை வெட்டிய பின்னர் மிகப் பெரிய கருவியையே வாங்கி, மேசையில் சாய்த்து வைத்துப் பத்திரிகை வாசிக்கிறார். அவருக்கு அது பொருத்தம். ஆனால் தமிழ் எழுத்துக்குப் பெரிய திரை இன்றியமையாதது என்று சிலர் கூறுவதை ஏற்பதற்கில்லை. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ 2005இல், பொத்தான் கைத்தொலைபேசிகளின் சிறு திரையிலேயே தமிழை ஏற்றிவிட்டது. மானுஸ் தீவில் தடுத்து வைக்கப்பட்டிருந்த குர்திய அகதி பெஹ்ரூஸ் பூச்சானி, கைத்தொலைபேசியில் சிறு சிறு செய்திகளாகத் தட்டியே ஒரு நூலை எழுதி முடித்தார். 2019இல் அந்நூலுக்கு விக்ரோரியா மாநிலத்தின் உயர்ந்த இலக்கியப் பரிசு கிடைத்தது. எமது அனுபவமும் இதுவே. 1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, தைனமோவில் சிறிய வானொலியை இயக்கி உலகச் செய்தி கேட்டவர்கள் நாம். பொருளின் பயனை அதன் பருமனால் அளக்கும் பழக்கம் எமக்கு இருந்ததில்லை.

இத்தேடலில் நாம் அறிந்துகொண்டவை சிலவற்றை வாசகர்களின் பயன்கருதித் தருகிறோம்.

முதலாவது, திரையின் அங்குலக் கணக்கை மட்டும் பார்க்கவேண்டாம். அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்தது. கையில் அடங்குவதும் அடங்காததும் கருவியின் அகலத்தைப் பொறுத்தது. 2016இன் எஸ்ஈ 58.6 மில்லிமீற்றர் அகலம். 113 கிராம் எடை. கடைசி மினி 64.2 மில்லிமீற்றர். 2022இன் எஸ்ஈ 67.3 மில்லிமீற்றர். அதன் இடத்துக்கு வந்த கருவியோ 71.5 மில்லிமீற்றர் அகலமும் 167 கிராம் எடையும் கொண்டது. மினியின் திரை 2022இன் எஸ்ஈயினது திரையிலும் பெரிது, உடலோ சிறிது. பழைய கைத்தொலைபேசியின் அகலத்தை அடிமட்டத்தால் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

இரண்டாவது, பாவித்துப் புதுப்பிக்கப்பட்ட கருவியைத் தாழ்வாக எண்ணவேண்டாம். 2025இல் வந்த ஐஓஎஸ் 26 இயங்குமுறையை மினி இரண்டும், 2020, 2022 ஆண்டுகளின் எஸ்ஈக்களும் ஏற்கின்றன. வாங்கும்போது மின்கலத்தின் நலத்தைக் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் பெறுங்கள். நாமும் இறுதியில் அம்மாவுக்கு இவ்வாறானதொரு மினியையே வாங்கினோம். மின்கலத்தைப் புதிதாக மாற்றினோம். அழுத்தும் பொத்தான் இல்லையே என்று ஒரு கிழமை குறைப்பட்டார், பின்னர் பழகிவிட்டார்.

மூன்றாவது, கொழும்பிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து உறவினர் கொண்டுவரும் கருவியைக் குறித்து அவதானமாக இருங்கள். அங்கே சிறப்பாக இயங்குவது இங்கே 4ஜி வழியாக 000ஐ அழைக்க முடியாததாக இருக்கலாம். காசு கொடுப்பதற்கு முன்னர் மாதிரி எண்ணைக் கூறி உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் கேளுங்கள். ஆங்கிலம் தடையானால் 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கோரலாம்.

நான்காவது, பெரியது ஏற்கெனவே கையில் இருந்தால், அமைப்புகளில் ஒருகைப் பாவனை வசதியைத் தேடுங்கள். திரையின் மேற்பகுதியைப் பெருவிரலுக்கு எட்டும் வண்ணம் கீழே இறக்கிக்கொள்ள முடியும். கழுத்திலோ மணிக்கட்டிலோ மாட்டும் வார் விலை குறைந்தது, வீழ்ச்சியைத் தடுக்கும். மடிக்கும் கைத்தொலைபேசியைச் சிலர் பரிந்துரைக்கின்றனர். மடித்தால் அது சட்டைப்பைக்குள் அடங்கும். ஆனால் விரித்தால் மறுபடியும் பெரியதே. விலையும் எம்மில் பலருக்கு எட்டாதது.

எனினும் இவை தற்காலிகத் தீர்வுகளே. அம்மாவின் மினிக்கும் ஒருநாள் இயங்குமுறை கிடைக்காது போகும். அன்று மறுபடியும் கடைகடையாக ஏறவேண்டி வரும். அதற்குள் ஏதேனும் மாறவேண்டுமாயின், எமது தேவை எவரது காதிலாவது விழவேண்டும். கிடைப்பதை வாங்கிக்கொண்டு மௌனமாக வந்துவிடுவது எம்மவரிடம் உள்ள பழக்கம். அகதியாக வந்த இடத்தில் குறை சொல்லக் கூடாது என்ற கூச்சமும் அதற்கு ஒரு காரணம். கடையில் சிறியது இல்லையென்றால், சிறியது கேட்டு வந்தோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நிறுவனம் கருத்துக் கேட்டுப் படிவம் அனுப்பினால் அதில் எழுதுங்கள். தொலைத்தொடர்பு நுகர்வோரின் நலனுக்காகக் குரல்கொடுக்கும் ‘அக்கான்’ என்ற அமைப்பு இந்நாட்டில் இயங்குகிறது. எமது சங்கங்களும் முதியோர் மன்றங்களும் அதற்கு ஒரு கடிதம் எழுதலாம். அரச அலுவல் யாவற்றையும் கைத்தொலைபேசிக்குள் கொண்டுசெல்லும் அரசு, அக்கருவியைப் பிடிக்க முடியாத கைகளையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று எமது நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பதிலும் தவறில்லை.

விற்பனைக் கணக்கில் இடம்பெறாதவர்கள் இல்லாதவர்கள் அல்லர். அதை அவர்களுக்குத் தெரியப்படுத்தவேண்டியவர்கள் நாமே.